பலெர்மோவில் பழுப்பு நிலக்கரிக்கு விலை சொன்னவள்

போன மாதம் பிரான்செஸ்கா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். சிசிலித் தீவின் பலெர்மோ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த எரிபொருள் களஞ்சியத்தில் இப்போது பழுப்பு நிலக்கரி இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். அதற்கும் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. தீவில் அதே வியாபாரம் செய்யும் மற்ற இரண்டு பெரிய வியாபாரிகளும் அவளை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். என்னையும் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டாளாம். நான் என்ன செய்தேன் என்று அறிய விரும்பினாள்.

அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக இங்கே விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் ஆட்களில் பலர் மலரில் வீட்டு வேலை அனுபவங்களை எழுதியிருக்கிறார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் என் உழைப்புக் காலத்தில் பெரும்பகுதி பழுப்பு நிலக்கரிக்கு விலை சொல்வதிலேயே போனது. அந்த வேலையை நன்றாகவும் செய்தேன். இத்தாலியர்கள் தங்கள் மொழியில் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் மனதில் அவை அப்படித்தான் பதிந்திருக்கின்றன.

பழுப்பு நிலக்கரி என்பது கறுப்பு நிலக்கரி அளவுக்கு மண்ணுக்குள் நெடுங்காலம் கிடக்காதது. ஈரம் கூட, சூடு குறைவு, அதனால் மலிவு. இத்தாலி முழுவதிலுமே அதற்குச் சந்தை சிறியது. சிசிலியில் அதைவிடச் சிறியது. மதோனியே மலை ஊர்களில் பழைய இரும்பு அடுப்பு வைத்திருக்கும் வீடுகள், உள்நாட்டில் ஒரு செங்கல் சூளை, பூ வளர்க்கும் சில கண்ணாடிக் கூடங்கள், பெரிய கொதிகலன் வைத்திருக்கும் ஒரு கன்னியர் மடம். வாங்குகிறவர்கள் இவ்வளவுதான். தங்கத்துக்கும் எண்ணெய்க்கும் காலையில் எழுந்து விலை பார்க்கலாம். இதற்கு அப்படி ஒரு பலகையும் கிடையாது. மூன்று வியாபாரிகள் தொலைபேசியில் என்ன சொல்கிறார்களோ அதுதான் விலை. திராப்பானியில் ஒருவர், கத்தானியாவில் ஒருவர், பலெர்மோவில் நாங்கள்.

'நாங்கள்' என்றால் களஞ்சியத்தின் சொந்தக்காரி சின்யோரா ரொசாலியாவும், அதாவது ரொசாலியா அம்மணியும், அவரிடம் வேலை செய்தவர்களும். நானும் என் கணவர் அன்ரனும் மன்னாரில் இருந்து வந்து, பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஓர் அறையில் குடியிருந்த காலத்தில், சின்யோராவின் வயதான தாயாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. அந்த அம்மாவுக்குச் சிசிலியன் மட்டுமே வரும். ஆகவே எனக்கு இத்தாலியனுக்கு முன்பே சிசிலியன் வந்துவிட்டது. தன் கணவர் இறந்த பின் களஞ்சியத்தைச் சின்யோரா தனியே நடத்திவந்தார். மதியம் களஞ்சியம் பூட்டியிருக்கும்போது மலை ஊர்க்காரர்கள் வீட்டுக்கே அழைப்பார்கள். நான் எடுத்து, பெயரையும் ஊரையும் எத்தனை மூட்டை என்பதையும் கேட்டு வைப்பேன். ஒருநாள் ஒரு மனிதர் வழமையைவிட இரண்டு மடங்கு கேட்டார். ஏன் என்றேன். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள், மேல்மாடி அடுப்பையும் மூட்ட வேண்டும் என்றார். அதையும் சின்யோராவிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாயார் இறந்தபோது, வேறு வீடு தேட வேண்டாம், களஞ்சியத்துக்கு வாருங்கள் என்றார்.

அடுத்த சில வருடங்களைச் சுருக்கிவிடுகிறேன். பகலில் மூட்டைகளைச் சரிபார்த்தேன். பின்னேரங்களில் இத்தாலியன் படித்தேன், கணக்குப் படித்தேன். இடையில் கெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்தில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்றேன். நகக்கண்ணில் ஏறிய பழுப்பு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போதும் என்னுடனேயே வந்தது.

விலை போடும் முறையைச் சின்யோரா பேசிக் கற்பிக்கவில்லை. செய்து காட்டினார். அத்திரியாத்திக் கடலுக்கு அந்தப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து மாதிரிக் கட்டிகள் வரும். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் உடைப்பார். உடைந்த முகத்தை மோந்து பார்ப்பார். இன்னொன்றைத் தராசில் வைத்து நிறுத்து, அலுவலகத்து அடுப்புக்கு மேல் உள்ள தட்டில் மறுநாள்வரை காயவிட்டு, திரும்ப நிறுப்பார். குறைந்த எடை அத்தனையும் தண்ணீர். தண்ணீருக்கு விலை கொடுக்கக்கூடாது என்பதுதான் அவருடைய முதல் சட்டம். அதன்பின் சுரங்கத்து விலை, கப்பல் கூலி, இறக்கு கூலி. அதற்கும் மேல் கழிவு. பழுப்பு நிலக்கரி வெயிலில் கிடந்தால் பொடியாகும். உயரமாகக் குவித்தால் உள்ளுக்குள் தானாகவே சூடேறிப் புகையும். அதனால் குவியலைத் தாழ்வாக, இறுக்கி வைக்கவேண்டும். நீண்ட இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை குத்திவைத்து, கொஞ்ச நேரம் கழித்து இழுத்து, அதன் நுனியைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். கை பொறுக்காவிட்டால் அந்த இடத்தைக் கிளறிப் பரப்பவேண்டும். இதையெல்லாம் கூட்டித்தான் ஒரு மூட்டையின் விலை.

சின்யோரா குள்ளமானவர். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். முற்றத்தில் மூட்டை தூக்குகிறவரிலிருந்து வங்கி முகாமையாளர்வரை எல்லோரையும் நீங்கள் என்றுதான் அழைப்பார். பேரம் பேசுகிறவர் ஒரு விலையைச் சொன்னால் அதையே மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பலர் தாங்களாகவே ஏற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பாராட்டு அவர் வாயில் வராது. என் கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் போனால், கணக்கு சரி.

நான் தனியாக முதன்முதலில் விலை சொன்னது மடத்துத் தலைமைச் சகோதரிக்கு. அவரைப்போல் பேரம் பேசுகிற ஆளை நான் பல்லரோ சந்தையின் மீன்கடைகளிலும் கண்டதில்லை. குளிரில் நடுங்கும் வயோதிபச் சகோதரிகளைப் பற்றிச் சொன்னார், ஏழைகளுக்கு ஊற்றும் சூப்பைப் பற்றிச் சொன்னார், கடைசியில் நான் கத்தோலிக்கப் பெண்தானே என்று கேட்டார். ஆமாம் சகோதரி, அதனால்தான் உங்களுக்கு ஈரக் கரியை அனுப்பவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு, நான் சொன்ன விலைக்கே எடுத்தார். அன்றிலிருந்து பெரிய வாடிக்கையாளர்களும் என்னிடமே விலை கேட்டார்கள்.

எங்களிடம் ஜூன் விலை என்று ஒன்று இருந்தது. குளிரை எல்லோரும் மறந்திருக்கும் ஜூன் மாதத்தில் மலை வீடுகளுக்கு நாங்களே அழைப்போம். வரப்போகும் குளிர்காலத்துக்கு இதுதான் விலை, எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்போம். முற்பணம் வாங்குவதில்லை, கையெழுத்தும் இல்லை. சொன்ன விலை சொன்னதுதான். அந்தக் கணக்கை வைத்துத்தான் இலையுதிர் காலத்துக் கப்பலில் எங்கள் பங்கைப் பேசுவோம். தனியாக ஒரு கப்பலை நிரப்ப மூன்று வியாபாரிகளில் எவராலும் முடியாது. அதனால் மூவரும் சேர்ந்து ஒரு கப்பல். சூளைக்காரர், பூக்காரர்கள், மடம் ஆகியோர் ஜூனில் எடுப்பதில்லை. அவ்வப்போதைய விலைக்கு வாங்குவார்கள்.

எரிவாயு விலை தலைதெறிக்க ஏறிய வருடம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கோடை முடிவில் சின்யோரா தன் வீட்டுப் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். களஞ்சியம் என் கைக்கு வந்தது. ஜூன் விலைகளை நான் ஏற்கனவே சொல்லி முடித்திருந்தேன்.

கத்தானியாக்காரர் என்னைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அதுவரை அந்த மனிதர் என்னோடு பேசியதெல்லாம், சின்யோராவைக் கூப்பிடுங்கள் என்ற அளவில்தான். அன்று துறைமுகத்துக்கு அருகே ஒரு மீன் உணவகத்தில் எனக்கு நாற்காலியை இழுத்துவிட்டார். திராப்பானிக்காரர் ஏற்கனவே வந்து, தலையைக் குனிந்துகொண்டு பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

கத்தானியாக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "காஸ் விலையைப் பாத்தனீங்கள்தானே. சனமெல்லாம் பழைய அடுப்பைத் தூசு தட்டி எடுக்குது. நாங்கள் மூண்டு பேரும் ஒரே விலையைச் சொன்னால், வாங்கிறவைக்கு ஓடுறதுக்கு இடமில்லை" என்றார். அவர் சொன்ன விலை போன வருடத்தைப்போல் இரண்டு மடங்கு.

ஜூனில் மலை வீடுகளுக்குச் சொன்ன விலை என்ன ஆவது என்று கேட்டேன். ஜூனில் இருந்த உலகம் வேறு, இப்போதைய உலகம் வேறு என்றார். பிறகு மிக மரியாதையாக ஒன்றைச் சொன்னார்.

"கப்பல் இந்த முறை என்ரை பேரிலைதான் பேசியிருக்கு. எங்களோடை வாறவைக்கு அதிலை இடம் இருக்கு."

வியாபாரிகள் கூடி விலை பேசிக்கொள்வது சட்டப்படி குற்றம். மேசையில் இருந்த மூவருக்கும் அது தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் பதில் சொல்வதாகச் சொன்னேன். மீன் நன்றாக இருந்தது, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அங்கிருந்து நேரே ஆசுப்பத்திரிக்குப் போனேன். சின்யோரா கட்டிலில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். நான் முடித்ததும், "உந்த மேசையிலை நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பன் எண்டு கேக்க வந்தனீங்களோ?" என்றார்.

"ஓம்."

"நான் அங்கை இருக்கேல்லை. நீங்கள் இருந்தனீங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை வேலைக்காரியின் தலையில் போட்டுவிட்டுத் தலையணையைச் சரிசெய்கிறாரே என்று நினைத்தேன். நான் எழும்பியபோது குரலைத் தாழ்த்தி இன்னும் ஒன்று சொன்னார்.

"மாட்டன் எண்டு சொல்லுறது லேசு. கரி எங்கையிருந்து வரும் எண்டதுக்கு மறுமொழி வைச்சுக்கொண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி அது வெறும் வீம்பு."

அந்தக் காலத்தில் நாங்கள் பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவுக்குக் குடிமாறியிருந்தோம். அன்ரன் அங்கே எலுமிச்சம்பழம் தரம் பிரித்துப் பெட்டி அடைக்கும் தொழிற்கூடத்தில் வேலை செய்தார். அவரிடம் சொன்னதும் பயந்துவிட்டார். "எங்களுக்கேன் இந்த வம்பு? அவங்கள் இந்த ஊர்க்காரர். பிழைச்சுப்போனால் உன்ரை தலையிலைதான் எல்லாம் விழும்" என்றார்.

"மலைக்கு விலை சொன்னது நான். சின்யோராவும் இல்லை, கத்தானியாக்காரரும் இல்லை. என்ரை குரலைக் கேட்டுத்தான் அவையள் ஓமெண்டவை. இப்ப நானே அழைச்சு, அது பொய் எண்டு சொல்லவோ?"

அவர் சாப்பிட்டு முடித்தார். பிறகு வேறு ஏதோ பேசுவதைப்போல, கப்பல் இல்லாவிட்டால் லொறியில் கொண்டுவர முடியாதா என்று கேட்டார். லொறிக் கூலி கட்டாது, அவ்வளவு தூரத்துக்கு இரண்டு வழிக் கூலி கேட்பார்கள் என்றேன்.

"எங்கடை பழ லொறியள் போகேக்கை நிரம்பிப் போகுது, வரேக்கை வெறுமையாத்தான் வருது. எங்கடை முதலாளி அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புறார்" என்றார் அன்ரன்.

கையைக் கழுவாமலே உட்கார்ந்துவிட்டேன். சிசிலியின் எலுமிச்சம்பழமும் மந்தரீன் தோடம்பழமும் ஏறிப் போகும் லொறிகள் பல, எங்கள் சுரங்கம் இருக்கும் பக்கத்துச் சந்தைகளுக்குத்தான் போகின்றன. பழக்காலமும் குளிர்காலமும் ஒன்றாகவே தொடங்குகின்றன. திரும்பி வரும் வெறும் லொறிக்கு டீசல் காசு கிடைத்தாலே லாபம்.

காலையில் முதல் வேலையாகச் சுரங்கத்தின் விற்பனைப் பகுதியில் இருந்த மிலேனாவை அழைத்தேன். பல வருடமாகக் குரலால் மட்டும் பழகியவள். அவளுடைய இத்தாலியனும் என்னுடையதும் சந்தித்த இடத்தில் எங்களுக்கென்று ஒரு பேச்சு உருவாகியிருந்தது. ஐரோப்பா முழுவதும் கரி கேட்டு அவளை நெருக்கிக்கொண்டிருந்தது. ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் கப்பல் கணக்கில் கேட்டார்கள். பையில் அடைத்த சிறுதொகைச் சரக்கை யாரும் சீண்டவில்லை. அது இருக்கிறது, உலர்ந்தது, பிளாஸ்ரிக் சுற்றித் தருவேன் என்றாள். எனக்கு வேண்டியதும் அதுதான். பழம் ஏற்றும் லொறியில் உதிரிக் கரியைக் கொட்ட எந்தச் சொந்தக்காரரும் விடமாட்டார்.

அன்ரனின் முதலாளி காட்டிவிட்ட லொறிக்காரரோ சுற்றிய கரியைக்கூட நம்பவில்லை. லொறியில் கரி மணம் அடித்தால் பழக்காரர்கள் தன்னைத் தொலைத்துவிடுவார்கள் என்றார். களஞ்சியத்தில் கிடந்த பழைய பைகள் சிலவற்றை இறுக்கிச் சுற்றி, அன்றே அவருடைய கொட்டகைக்குக் கொண்டுபோய் இறக்கினேன். அவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், ஆனால் முடிவு சொல்லவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து சுற்றிவர மோந்துவிட்டு, உன் சப்பாத்து இதைவிட மணக்குது என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

பின்னேரம் கத்தானியாக்காரரை அழைத்தேன். "நாங்கள் உங்கடை கப்பலுக்கு வரேல்லை. விலையும் எங்கடை விலைதான்" என்றேன். எதில் கொண்டுவரப் போகிறீர்கள் என்று கேட்டார். அது எங்கள் அலுவல் என்றேன். அவர் சிரித்து, சின்யோராவுக்குச் சுகம் சொல்லச் சொன்னார்.

அது சுகமான குளிர்காலம் என்று சொல்லமாட்டேன். திரும்பி வரும் லொறி என்றாலும் கப்பலைவிடக் கூலி கூடத்தான். ஜூன் விலைக்குக் கொடுத்த ஒவ்வொரு பையிலும் எங்களுக்கு நட்டம். அதை நிரப்ப மற்றவர்களுக்கு விலையை ஏற்றினேன். மறைக்கவில்லை. ஒவ்வொருவரையும் நானே அழைத்து, எவ்வளவு, ஏன் என்று சொன்னேன். கண்ணாடிக் கூடக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு எடுத்தார்கள். மடத்துச் சகோதரி நெடுநேரம் வாதாடி, எடுத்து, எனக்காகச் செபிப்பதாகவும் சொன்னார். சூளைக்காரர்தான் எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர்.

"அப்ப மலையிலை இருக்கிற கிழவியள் குளிர்காய நான் காசு குடுக்கவேணுமோ?" என்று கேட்டார்.

"ஒரு பங்கு ஓம். எண்டாலும் மற்றப் பக்கம் போனால் இதைவிடக் கூடக் குடுப்பியள்."

அவர் மற்றப் பக்கம் போனார். கூடத்தான் கொடுத்தார். ஆனால் அவருக்குத் தேவையான அளவு கரி கப்பலில்தான் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் எங்களை விட்டுப் போன அந்தக் கிழமை முழுவதும் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.

ஜனவரியில் மலையில் பனி கொட்டியபோது சிசிலியை இத்தாலியப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் மெஸ்ஸீனா நீரிணையில் காற்று. படகுச் சேவை நின்று, எங்கள் லொறிகள் மறுகரையில் மாட்டிக்கொண்டன. களஞ்சியத்துத் தரை தெரிந்தது. அழைத்த ஒவ்வொருவரிடமும், இன்றைக்குப் பாதி, காற்று விட்டதும் மீதி என்றேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. காற்று விட்டது, லொறிகள் வந்தன, மீதியும் போனது. ஜூனில் ஓம் என்ற வீடுகளில் ஒன்றுகூட வெறுங்கையோடு நிற்கவில்லை.

மற்ற இருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கப்பல் நேரத்துக்கு வந்தது, இரட்டை விலைக்கு விற்றுத் தீர்த்தார்கள். எங்களுக்குச் சம்பளமும் வாடகையும் போக மிஞ்சியது சொற்பம். இளவேனிலில் சின்யோரா ஊன்றுகோலோடு வந்து கணக்கைப் பார்த்தார். நட்டமில்லையே என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் இந்த வருட ஜூன் அழைப்புகளைக் கொஞ்சம் முந்தியே தொடங்குங்கள், மற்ற இரண்டு பேரிடமும் வாங்கிய ஊர்களும் உங்களுக்காகக் காத்திருக்கும் என்றார். அவர் கணித்தது சரி. திராப்பானிக்காரரிடம் வாங்கிவந்த ஊர்கள் இரண்டு அந்த வருடம் எங்களிடம் வந்தன.

அந்த வசந்தத்தில்தான் முதன்முதலாக மலைக்குப் போனேன். இத்தனை வருடம் குரலால் மட்டும் தெரிந்த வீடுகளைப் பார்க்கவேண்டும் என்று ஆசை, விநியோக லொறியில் ஏறிக்கொண்டேன். சின்யோரா கொன்செத்தா என்ற விதவை என் பழைய வாடிக்கையாளர். ஜனவரியில் அழுகிற குரலில் அழைத்தவர். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக் கோப்பி ஊற்றித் தந்தார். அவருடைய அடுப்பைப் பார்த்தேன். சின்ன அடுப்பு. நான் கொடுத்த பைகளில் பாதியைக்கூட அது தின்றிருக்க முடியாது. மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

அவர் வெட்கப்படவில்லை. "அடுத்த ஊரிலை இருக்கிற என்ரை மச்சானுக்கு வித்தனான். அவன் திராப்பானிக்காரரிட்டை வாங்கிறவன், அங்கை தீர்ந்துபோச்சு."

என்ன விலைக்கு என்று கேட்டேன். சொன்னார். கத்தானியாக்காரர் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூட.

கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இந்தப் பைகளுக்காகத்தான் சூளைக்காரரை இழந்தேன், ஆசுப்பத்திரிக்கும் லொறிக் கொட்டகைக்கும் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பலெர்மோவில் இருக்கும் மகளின் காஸ் பில்லைக் கட்டத்தான் விற்றதாகச் சொன்னார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் அவருக்கு ஒரு விலை சொன்னேன், அதைக் காப்பாற்றினேன். என் பொறுப்பு அவ்வளவுதான். அவருடைய கொட்டிலுக்குள் வந்த பிறகு அது அவருடைய கரி.

திரும்பி வந்து சின்யோராவிடம் சொன்னேன். இடுப்பு முறிந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த விலை எவ்வளவு என்று இன்னொருமுறை கேட்டார்.

ஜூன் வந்தது. மலைக்கு அழைத்தேன். விலையைச் சொன்னேன். கூடவே புதிதாக ஒன்றையும் சொன்னேன், அடுப்பின் அளவைப் பார்த்துத்தான் இனிமேல் பை. சின்யோரா கொன்செத்தா மறுப்பேதும் சொல்லவில்லை. தன் கணக்குக்கு மேல் ஒரே ஒரு பை மட்டும் சேர்த்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

அந்த ஒரு பையையும் எழுதிக்கொண்டேன்.